வீரம்மாவின் ஆடு அத்துமீறியது

குற்றம் நடந்தால் உடனே போலீசில் சொல்ல வேண்டும். சர்க்கார் ஒட்டிய நோட்டீசில் தமிழிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. சொன்ன பிறகு என்ன நடக்கும் என்று போடவில்லை. காகிதத்தில் இடம் பற்றவில்லை போலிருக்கிறது.

கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு ரயில் போகிற வழியில் எங்கள் ஊர். பெயர் சொல்ல மாட்டேன். அங்கே ரயில்வே கூலிகளுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், அதாவது லயத்தில், குடியிருப்பவள் வீரம்மா. புருஷன் நாகையாவுக்குத் தண்டவாளத்தில் வேலை. கைப்பிள்ளைக்கு ஏழு மாதம். காய்ச்சலில் கிடந்து எழுந்ததில் வீரம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. டின் பால் கொடுத்தால் பிள்ளை அப்படியே கக்கிவிடும். வீட்டு வெள்ளாட்டுப் பால்தான் அதற்கு உயிர்.

ஒரு சனிக்கிழமை காலையில் அந்த ஆட்டைக் கறிக்கடை வேலாயுதம் அவிழ்த்துக்கொண்டு போனார். வீரம்மா பார்த்துவிட்டுக் கத்தினாள். அவர் நின்று, "பிள்ளை சொகமாம்மா?" என்று விசாரித்துவிட்டுத்தான் போனார். மரியாதை தெரிந்தவர். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அவர் கடையில் கறி.

வீரம்மா பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினாள். அங்கே கிராணி கார்த்திகேசு உட்கார்ந்திருந்தார். புகார் எழுதுவது அவர் உத்தியோகம். வேகிற வெயிலிலும் கம்பளிக் கோட்டு. இந்த வருஷம் சீமையில் துரைமார் அப்படித்தான் போடுகிறார்களாம்.

"ஐயா, என் ஆட்டைக் காணோம்ங்க. கறிக்கடைக்காரரு புடிச்சிட்டுப் போயிட்டாரு. அவரு கொட்டாய்லதான் கட்டிக் கிடக்கு. இங்க நின்னாலே கத்துறது கேக்குது."

கிராணி காதைத் தீட்டிக் கேட்டார். கேட்டது.

"இருக்கிற எடம் தெரியுதில்ல? அப்புறம் எப்படிக் காணோம்ங்கறே?"

"சரிங்க, களவுன்னு எழுதிக்கோங்க."

"களவுன்னா கள்ளனை நாங்கதான் கண்டுபிடிக்கணும். நீயே பேரைச் சொல்லிட்டா இலாகா எதுக்கு?"

பிள்ளை அழுதது.

"அதோட இந்த மாசம் இந்த ஊர்ல களவே இல்லைன்னு பெரிய துரைக்கு ரிப்போர்ட் போயாச்சு. போன பெறகு ஆட்டைப் பறிகொடுத்துட்டு வந்து நின்னா, சர்க்கார் பொய் சொன்ன மாதிரி ஆகாதா? சரி, இரக்கப்பட்டுக் கேக்கறேன். முளை எங்க அடிச்சிருந்தே?"

"சாக்கடைக்கு இந்தப் பக்கம்ங்க."

"அது ரயில்வே நிலம். ஆடு?"

"கயிறு நீளம்ங்க. அந்தப் பக்கம் போய் மேயும்."

"அது சானிட்டரி போர்டு நிலம். அவுத்தப்போ வாய் எங்க இருந்துச்சு?"

"புல்லுல இருந்துச்சுங்க."

கிராணி பேனாவைக் கீழே வைத்தார். "முளைக்கு ரயில்வே துரைகிட்ட ஒரு கடுதாசி, வாய்க்குப் போர்டு துரைகிட்ட ஒரு கடுதாசி. ரெண்டையும் வாங்கிட்டுத் திங்கட்கெழமை வா."

"திங்கட்கெழமைக்குள்ள கொழம்பாயிடும்ங்களே!"

"ஆனா ஆகட்டும். அப்ப அது ஆட்டு வழக்கு இல்லை, கறி வழக்கு. அதுக்கு வேற புத்தகம்."

அந்த நேரம் ஒரு மாத்தா, போலீஸ்காரரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், மீன் விற்கிற ஒரு அம்மாளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நடைபாதையில் கூடை வைத்த குற்றம். சிவப்பு அட்டைப் புத்தகம் படாரென்று திறந்தது. பேர், ஊர், கைநாட்டு, எச்சரிக்கை. வெற்றிலை போடுகிற நேரத்தில் வேலை முடிந்தது. நிலம் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.

வீரம்மா அந்தப் புத்தகத்தையே பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஐயா, நான் ஒரு குத்தம் பண்ணிட்டேன்ங்க."

கிராணி மூக்குக்கண்ணாடியை மாட்டினார். உட்காரப் பெஞ்சு காட்டினார். "சொல்லும்மா. பயப்படாம சொல்லு."

"என் ஆடு வேலாயுதம் ஐயா கொட்டாய்ல அத்துமீறிப் பூந்துடுச்சுங்க. இப்பவும் உள்ளதான் நிக்குது."

"அடிப்பாவி! கெட்டிக்காரத்தனமா இவ்வளவு நேரம் மறைச்சியே!"

இரண்டு மாத்தாக்கள் சைக்கிளில் பறந்தார்கள். கொட்டாயில் ஆறு ஆடுகள் இருந்தன. எது குற்றவாளி என்று தெரியாததால் ஆறும் கைதாயின. வேலாயுதம் பின்னாலேயே ஓடிவந்தார்.

"எல்லாம் என் ஆடுங்க!"

"அப்படியா? வாங்கின சீட்டு எங்க?" என்றார் கிராணி.

வேலாயுதம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். "சீட்டா... ஐயோ, நான் என்னத்தைச் சொல்ல! ஆறும் தானாப் பூந்ததுதாங்க. என் கொட்டாயே நாசமாப் போச்சு."

"பாத்தியா, ஒரு யோக்கியரை எப்படி அலைக்கழிச்சிருக்கே!" என்று கிராணி வீரம்மாவை அதட்டினார்.

"ஐயா, இதுல ஒண்ணுதான் என்னோடது. மத்த அஞ்சும் யாரோடதோ."

"குத்தவாளி சொல்றதையெல்லாம் நம்ப முடியாது. ஆறையும் ஓட்டிட்டுப் போ. முதல் குத்தம்ங்கறதால எச்சரிச்சு விடறோம்."

வீரம்மா சிவப்புப் புத்தகத்தில் கைநாட்டு வைத்தாள். வாசல் தாண்டியதும் சாலையோரத்திலேயே உட்கார்ந்து தன் ஆட்டைக் கறந்து பிள்ளைக்கு ஊட்டினாள். பிள்ளை குடித்து முடித்து ஏப்பம் விட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. மற்ற ஐந்தையும் சாயங்காலத்துக்குள் உரியவர்கள் தேடிவந்து பிடித்துக்கொண்டு போனார்கள்.

விஷயம் பரவிவிட்டது. அதன்பிறகு எங்கள் ஊரில் யாரும் புகார் கொடுப்பதில்லை. கோழி போனவள், "என் கோழி அவரு கூண்டுல போய் ஒளிஞ்சிருக்கு" என்று சரணடைவாள். குடை போனவர், "என் குடை அவரு தலைக்கு மேல அத்துமீறி நிக்குது" என்பார். பொருள் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடும். பேர் மட்டும் ஸ்டேஷனில் தங்கிவிடும். வருஷ ரிப்போர்ட்டில் களவு ஒன்றுகூட இல்லை. கார்த்திகேசு பெரிய கிராணியாகிவிட்டார். ஓயாமல் அத்துமீறலுக்கு ஆளாகிறவர் என்று வேலாயுதம் கொட்டாய்க்கு ஒரு மாத்தா காவலும் போட்டார்கள்.

பங்குனியில் கோயில் ஊர்வலத்துக்குப் பெர்மிட் எடுக்க வேண்டியிருந்தது. கோயில் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் பேர் சிவப்புப் புத்தகத்தில் இருக்கக் கூடாது. தேடிப் பார்த்தோம். ஊர் முழுக்க அப்படி ஒரே ஒருவர்தான் இருந்தார்.

வேலாயுதம் ஐயா தலைவரானார். மாலை போட்டோம். ஆட்சேபனை இல்லாதவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். சரணடைந்தே பழகிவிட்டதால் எல்லாரும் இரண்டு கையையும் தூக்கினோம். வீரம்மா மட்டும் ஒரு கைதான். மற்றதில் பிள்ளை இருந்தது.