ஏழு விதிகளும் ஐம்பது அடிச் சங்கிலியும்

நங்கூர நிபுணர் என்றொரு ஜாதி மனிதர் உண்டு. அறுபதைத் தாண்டியவர், ஓய்வு பெற்றவர், வீட்டை விற்றுப் பாய்மரப் படகு வாங்கியவர். குளிர் தொடங்கியதும் மனைவியோடு வடக்கிலிருந்து கிளம்பி, கடலை ஒட்டிய கால்வாய்களிலும் உப்பங்கழிகளிலும் ப்ளோரிடாவை நோக்கி நாளைக்கு நாற்பது மைல் ஊர்ந்து போகும் அந்தப் பெருங்கூட்டத்தில் படகுக்கு ஒருவராக இவர் இருப்பார். பாய்மரப் படகு என்று சொன்னேனே தவிர, பாய் விரிப்பது வாரத்துக்கு ஒருமுறை, புகைப்படத்துக்காக. மற்ற நாட்களில் டீசல்தான்.

இவரைப் பார்க்க வேண்டுமென்றால் மாலை நாலு மணிக்கு மேல் போக வேண்டும். முன்னாலேயே வந்து நங்கூரம் போட்டவர்கள் எல்லாம் கையில் ஒரு கோப்பை ரம்மோடு மேல்தளத்தில் உட்கார்ந்து, பின்னால் வருகிறவன் எங்கே போடுகிறான், எப்படிப் போடுகிறான், பெண்டாட்டியை என்ன சொல்லித் திட்டுகிறான் என்று வேடிக்கை பார்க்கும் நேரம் அது. டிக்கெட் இல்லாத நாடகம். நிபுணர் சும்மா பார்க்க மாட்டார். "அங்க போடறான் பாரு, நிக்காது" என்பார். நின்றுவிட்டால், "அதிர்ஷ்டம்" என்பார். நிற்காவிட்டால், "நான் அப்பவே சொன்னேன்." இப்படிப்பட்டவரை யாரால் தோற்கடிக்க முடியும்?

வென்டல் ப்ருயிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒஹாயோவில் முப்பத்தோரு வருடம் தரைக்கம்பளம் விற்றவர். அறுபத்தோரு வயது வரை குளியல் தொட்டியை விட ஆழமான தண்ணீரில் அவர் காரியம் ஏதும் செய்ததில்லை. இரண்டே குளிர்காலத்தில் கேப்டன் ஆகிவிட்டார். நங்கூரம் போடுவதற்கு ஏழு விதிகள் வகுத்து, எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம், கேட்காதவர்களுக்கு முதலில், போதித்து வந்தார்.

அவர் மனைவி லோர்னா இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பின்னால் நாற்பது பிள்ளைகள் கூச்சல் போட்டாலும் சாலையை விட்டுக் கண் எடுக்காமல், பனியில் வழுக்கும் சந்துக்குள் முப்பதடி வண்டியைப் பின்பக்கமாக நுழைத்துப் பழகிய கை. இந்த விவரத்தை வென்டல் யாரிடமும் சொன்னதில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. விஷயத்துக்குச் சம்பந்தம் இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை.

'நீலக்கொக்கு' என்ற அவர்கள் படகில் வேலைப் பிரிவினை தெளிவானது. சுக்கானும் நிழலும் மெத்தை போட்ட ஆசனமும் கேப்டனுக்கு. சங்கிலியும் சேறும் முதுகுவலியும் லோர்னாவுக்கு. முன்முனைக்கும் பின்பக்கத்துக்கும் இடையே கத்திக் கத்தித் தொண்டை போனதால், தலையில் மாட்டிக்கொண்டு பேசும் கருவி ஒரு ஜோடி வாங்கியிருந்தார்கள். படகுக்காரர்கள் அதற்குத் 'தாம்பத்திய ரட்சகன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வென்டல் அதற்கும் சட்டம் போட்டார். அவரைக் கேப்டன் என்று அழைக்க வேண்டும். பேசி முடித்ததும் 'ஓவர்' சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பதில் வராது.

அன்று ஜார்ஜியாவில், கோரைப்புல் சூழ்ந்த ஒரு கழியில் மதியமே வந்து சேர்ந்தார்கள். கடல் உள்வாங்கி, கழியில் தண்ணீர் வற்றிக் கிடந்த நேரம்.

"எத்தனை அடி விடட்டும், கேப்டன்? ஓவர்."

"ஆழம் பத்தடி. அஞ்சு மடங்கு சங்கிலி. ஐம்பது விடு. மூணாவது விதி. ஓவர்."

"இங்க சாயங்காலம் தண்ணி எட்டடி ஏறும்னு அட்டவணைல போட்டிருக்கு. ஓவர்."

"அதெல்லாம் கணக்குல சேர்த்தாச்சு. ஓவர்."

சேர்க்கவில்லை. ஆழம் கூடி, சங்கிலி போதாமல் போனால் நங்கூரம் பிடி விட்டுவிடும். முப்பத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்தக் குரல் தெரியாதா? ஆனால் முந்தின நாள்தான், பாலம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்ற விஷயத்தில் அவள் சொன்னது சரியாகிப்போய், அந்தக் குற்றத்துக்காக ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் அவர் பேசாமல் இருந்தார். இன்றைக்கும் சரியாக இருக்க அவளுக்குத் தெம்பில்லை. ஐம்பதடி விட்டாள். விட்டுவிட்டு, கரையில் நின்ற பட்டுப்போன பைன் மரம் ஒன்று பாய்மரத்தின் கம்பிக்கு நேர் பின்னால் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டாள். படகு நகர்ந்தால் மரமும் கம்பியும் விலகிவிடும். பின்னால் இருநூறு அடி தள்ளி ஒரு சிப்பித் திட்டு, விளிம்பெல்லாம் கத்தியாக, ஏறுகிற தண்ணீரில் மெல்ல மறைந்துகொண்டிருந்தது. அதன் மேல் உட்கார்ந்தால் நீலக்கொக்கின் அடிவயிறு கிழிந்துவிடும். ஒஹாயோவில் வீடு கிடையாது. உலகத்தில் அவர்களுக்கு இருந்ததெல்லாம் இந்த முப்பத்தாறு அடிதான்.

ஐந்து மணிக்கு, சற்றுத் தள்ளி நின்ற ராய்ஸ், இமோஜீன் தம்பதியின் பெரிய படகில் விருந்து. வென்டல் சின்னத் துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போனார். காட்டிப் பெருமைப்பட ரட்சகனையும் கழுத்தில் போட்டுக்கொண்டு போனார். அதை அணைக்க மறந்தார். அடுப்பில் சோள ரொட்டி வெந்துகொண்டிருந்ததால் லோர்னா தங்கிவிட்டாள். ஆனதும் வந்து கூட்டிப்போவதாகப் பேச்சு.

ஆகவே ரொட்டிக்குக் காவல் நின்றபடியே, தன் தலையில் இருந்த கருவியின் வழியே முழுப் பிரசங்கத்தையும் அவள் கேட்டாள். சவான்னா நகரத்துக்கு வடக்கே, படகு மணல்மேட்டில் ஏறாமல் அவளே திருப்பிய திருப்பத்தை, "நான் தண்ணியோட நிறத்தைப் பார்த்தே திருப்பிட்டேன்" என்று அவர் சொன்னதைக் கேட்டாள். கோபம் வரவில்லை. சிரிப்புதான் வந்தது. அவர் நாலாவது விதிக்கு வந்தபோது அவள் நிமிர்ந்து ஜன்னல் வழியே பார்த்தாள். கம்பி இருந்தது. மரம் அதன் பின்னால் இல்லை.

"கேப்டன், நாம நகர்றோம்."

நாலாவது விதி தொடர்ந்தது.

"கேப்டன், நங்கூரம் பிடிக்கலை. படகு போகுது."

"லோர்னா, எத்தனை தடவை சொல்றது. ஓவர் சொல்லணும். ஓவர்."

"வென்டல், வாயை மூடிட்டுத் திரும்பிப் பாரு."

அவர் திரும்பினார். கூடவே பன்னிரண்டு பேர் திரும்பினார்கள். தன் வீடு தன்னை விட்டுவிட்டுப் பின்பக்கமாகப் போவதை வென்டல் பார்த்தார். துடுப்புப் போட்டுப் போய்ச் சேரக் கால் மணி நேரம் ஆகும். வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்திருப்பார்கள். நம்மவர் நிபுணர் அல்லவா?

"யாரும் பதறாதீங்க" என்றார். "பயிற்சிக்காக நான்தான் சங்கிலியைக் குறைச்சு விட்டு வச்சேன். இப்ப லோர்னா என்ன பண்றான்னு பாருங்க. நான் இங்கேர்ந்தே சொல்லித் தரேன்."

"முதல்ல என்ஜினை…" என்று அவர் தொடங்கியபோது என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "இப்ப முன்னால போய்…" என்றபோது அவள் முன்முனையில் நின்றாள். லோர்னா ரட்சகனைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டாள். நாற்பது பிள்ளைகளின் கூச்சலுக்கே கொடுக்காத காதை, ஒரு ஆளுக்கா கொடுக்கப் போகிறாள்? சங்கிலி மோட்டாரின் பொத்தானைக் காலால் மிதித்தாள், சுக்கானுக்கு ஓடினாள், இரண்டடி முன்னே நகர்த்தினாள், திரும்ப முனைக்கு ஓடினாள். சிப்பித் திட்டுக்கு இன்னும் ஒரு பேருந்து நீளமே மிச்சம் இருந்தது. அந்த அளவு அவளுக்கு அத்துப்படி. நங்கூரம் சேற்றோடு மேலே வந்தது. படகை நடுக்கழிக்குக் கொண்டுபோய், ஏறிய தண்ணீருக்கும் இன்னும் ஏறப்போகும் தண்ணீருக்கும் சேர்த்து நூறடி விட்டு, பின்னுக்கு இழுத்துப் பார்த்தாள். நின்றது. ஒரே தடவை.

பெரிய படகில் கைதட்டல். "ரொம்ப நல்லா சொல்லிக் குடுத்தீங்க" என்றார் ராய்ஸ். இமோஜீன் வென்டலையே பார்த்தாள். அப்போது ராய்ஸின் வானொலி கரகரத்தது. கழியில் இருந்த எல்லாப் படகுக்கும் அது கேட்டது.

"ராய்ஸ், நீலக்கொக்கு பேசறேன். எங்க கேப்டனுக்கு இன்னொரு தட்டு வச்சு அங்கயே உட்கார வைங்க. ரொட்டி அடி கருகிடுச்சு, நான் இப்ப வேற சுடணும். ஓவர்."

இருட்டுவதற்குள் வென்டல் திரும்பி வந்தார். சேறு படிந்த சங்கிலியைப் பார்த்தார்.

"எத்தனை விட்ட?"

"நூறு."

கருகிய ரொட்டியில் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "வீடே போயிருக்கும், லோர்னா" என்றார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பயம் அவளுக்கும் அப்போதுதான் வந்தது. மனுஷன் திருந்திவிட்டார் என்று அன்றைக்கு மனதார நம்பினாள், பாவம்.

மூன்று நாள் கழித்து, ப்ளோரிடாவில், வேறொருவர் படகில் விருந்து. ரட்சகன் இப்போதும் கேப்டனின் கழுத்தில்தான். அதை அணைக்காமல் அனுப்பியது இந்த முறை லோர்னாவின் ஏற்பாடு.

"எட்டாவது விதி" என்று நீலக்கொக்கில் இருந்த லோர்னாவுக்கு அவர் குரல் கேட்டது. "தண்ணி ஏறுறதைக் கணக்குல சேர்க்கணும். ஜார்ஜியால ஒரு மடையன் சேர்க்காம விட்டு, படகே போகப் பார்த்துச்சு. என் கண்ணால பார்த்தேன்."

"யாருங்க அது?" என்று யாரோ கேட்டார்கள்.

"சொல்லுங்க, கேப்டன்" என்றாள் லோர்னா, ரட்சகன் வழியே அவர் காதில். "ஓவர்."

கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு, "பேர் கேட்டு வச்சுக்கலை" என்றார் வென்டல்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். ஐம்பதடி என்று படித்த இடத்தில் 'தொண்ணூறடியாவது விட்டிருக்க வேண்டாமா' என்று மனதுக்குள் ஒரு குரல் கேட்டதா, இல்லையா? மரம் விலகியதும் அவள் நங்கூரத்தைத் தூக்கியிருக்கக் கூடாது, இன்னும் கொஞ்சம் சங்கிலியை விட்டுப் பார்த்திருக்கலாம் என்று பட்டதா, இல்லையா? உப்புத் தண்ணீரை வாய் கொப்பளிக்க மட்டும் பயன்படுத்தியிருக்கும் உங்களுக்கா?

பட்டிருந்தால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டுச் சற்றே திரும்பிப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர், எட்டடி ஏறும் என்று என்றைக்கோ சொல்லிவிட்டு, சேர்த்தாச்சு என்று நீங்கள் சொன்னதையும் கேட்டுக்கொண்டு, ஒன்றும் பேசாமல் ஒரு மரத்தைப் பார்த்தபடி இருக்கிறார்.