கார்லிஸின் கல்யாணத்தில் எந்தச் சத்தம் போடுவது

டெட்ராய்ட்
செவ்வாய்க்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த எர்னஸ்டின் அக்காவுக்கு, தம்பி ரூஸ்வெல்ட் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கே நானும் என் மகள் கார்லிஸும் சுகம். அலபாமாவில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? என் ரத்த அழுத்தத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். அது ஏறிய கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கார்லிஸுக்குச் சிகாகோ மாப்பிள்ளை நிச்சயமாகியிருப்பது உங்களுக்குத் தெரியும். லமாண்ட் விட்லோ, பல் மருத்துவர். வாரக்கடைசியில் கிளப்புகளில் பாட்டுப் போடுகிறவர். நம் பெண்ணும் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து, வீட்டு நிலவறையில் மிஷின்களை வைத்துப் பாட்டுச் செய்கிறவள். பாட்டு என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். ஆயுள் முழுக்கப் பஸ் ஓட்டிய எனக்கு அது வைப்பர் பழுதான பஸ்ஸைத்தான் ஞாபகப்படுத்தும். இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம், இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும் என்று நிம்மதியாக இருந்தேன். அங்கேதான் அக்கா நான் ஏமாந்தேன். இவள் செய்கிற மிஷின் பாட்டுக்கு டெக்னோ என்று பெயராம், அவர் போடுவதற்கு ஹவுஸ் என்று பெயராம்.

ஞாயிறு ஆராதனை முடிந்து லமாண்ட், அவர் அம்மா கிளாடெட், மாமா தாடியஸ் மூவரும் சாப்பிட வந்தார்கள். நான் விடியலில் எழுந்து புகைபோட்ட விலா எலும்பில் ஒரு வாய்தான் வைத்திருப்பார்கள், கார்லிஸ் ஆரம்பித்தாள்.

“ரிசப்ஷன்ல டெக்னோதான். நம்ம ஊர்ல பிறந்தது.”

“கல்யாணத்துக்கு வர்றவங்க மனுஷங்க, கார்லிஸ். டெக்னோ போட்டா ரோபோதான் ஆடும். ஹவுஸ் போடுவோம்,” என்றார் லமாண்ட்.

“உங்க சிகாகோ ஹவுஸ்ல அந்தப் பியானோவை எடுத்துட்டா என்ன மிஞ்சும்?”

“சார், நீங்களே கேட்டுச் சொல்லுங்க,” என்று லமாண்ட் என்னிடம் திரும்பினார். ஒன்று இவள் போட்டாள், ஒன்று அவர் போட்டார். நானும் கண்ணை மூடிப் பொறுமையாகக் கேட்டேன். முடிந்ததும் எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். “நல்லா இருக்கு. ரெண்டாவதை எப்பப் போடுவீங்க?” என்றேன்.

கிளாடெட் அம்மாள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அதன் பிறகு எனக்கு வகுப்பு எடுத்தார்கள் அக்கா. நம் பாப்டிஸ்ட் சபை கம்பளத்தின் நிறத்துக்காக இரண்டாக உடைந்ததே, அதெல்லாம் இவர்கள் முன்னால் சமாதானக் கூட்டம். டெக்னோவுக்குள் மினிமல் என்று ஒன்று, இசையிலிருந்து இசையை எடுத்துவிட்டு மீதியை விற்பது. ஹவுஸுக்குள் டீப் ஹவுஸ், அதே பாட்டைப் பக்கத்து வீட்டில் போட்டால் எப்படிக் கேட்குமோ அப்படி. ஆசிட் என்றால் குழாய்க்குள் மாட்டிய கொசு. ட்ரம் அண்ட் பேஸ் என்றால் மாடிப்படியில் பாத்திரங்கள் உருள்வது. இவற்றில் ஒன்றை ரசிப்பவன் அடுத்ததை ரசிப்பவனோடு ஒரே மேஜையில் சாப்பிடமாட்டானாம்.

சூடு தணியட்டும் என்று லமாண்ட் ஆம்பியன்ட் என்ற ரகத்தில் தானே செய்த ஒன்றைப் போட்டிருக்கிறார். எனக்கு அது தெரியாது. சமையலறைப் பக்கம் ஊ... என்று சத்தம் வரவே, ஃப்ரிட்ஜ் போய்விட்டது என்று ஓடிப்போய் அங்கிருந்த பிளக்குகளையெல்லாம் பிடுங்கிவிட்டேன். அதில் ஒன்று லமாண்டின் ஸ்பீக்கருடையது. திரும்பி வந்து பார்த்தால் தாடியஸ் மாமா கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருக்கிறார். பாட்டு நின்றதே அவருக்குத் தெரியவில்லை. “மருமகனே, இந்த இடம்தான்டா பிரமாதம்,” என்றார்.

“உங்கப்பா வேணும்னே பண்றார்,” என்று லமாண்ட் குதித்தார். “மாமா சொன்னது சரிதானே, அந்த இடம்தான் நல்லா இருந்துச்சு,” என்று நம் பெண் நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றி எலும்புத் தட்டில் போட்டாள். விருந்தாளிகள் மீதிச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டுபோக ஒரு பைகூடக் கேட்காமல் கிளம்பிப் போனார்கள். என் பெண் நிலவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள் அக்கா. கீழே எந்த மிஷினும் ஓடவில்லை. இந்த வீட்டில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை. எனக்கு அது பிடிக்கவும் இல்லை.

நேற்று நம் பாஸ்டர் ஹெசக்கையா இரண்டு பேரிடமும் பேசி முடித்துவைத்தார். ரிசப்ஷனில் சபைப் பாடகர் குழு மட்டும்தான். அது இருவருக்கும் சரிசமமாகப் பிடிக்காததால் ஒத்துக்கொண்டார்கள். மோதிரம் திரும்ப விரலுக்கு ஏறிவிட்டது. ஆகவே முழங்காலைச் சாக்குச் சொல்லாமல் ஜூனில் வந்து சேருங்கள். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டவர் நல்ல உடம்பையும், மந்தமான காதையும் அருளட்டும்.

உங்கள் அன்புத் தம்பி,
ரூஸ்வெல்ட் பெட்வே

பின்குறிப்பு: வர வேண்டாம் அக்கா, டிக்கெட் எடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உறையை ஒட்டப் போகும்போது லமாண்ட் நன்றி சொல்லப் போன் செய்தார். பேச்சுவாக்கில், “டெக்னோன்னா வேற என்ன சார், எங்க ஹவுஸ்தான் உங்க டெட்ராய்ட் குளிர்ல விறைச்சுப்போச்சு,” என்று சிரித்தார். கல்யாணத்தை நிறுத்திவிட்டேன். கார்லிஸ் அவரை மன்னித்துவிட்டாளாம். மன்னிப்பாள், அவளுக்கு இசையைப் பற்றி என்ன தெரியும்?