மங்கோலியா மாஸ்டரும் கோவேறு கழுதைகளும்

அண்ணாமலையாரைத் தரிசிக்காமலேயே திருவண்ணாமலையை விட்டுப் போனவர்கள் இருக்கலாம். மங்கோலியா மாஸ்டரிடம் மாட்டாமல் போனவர் ஒருவரும் கிடையாது. எழுபதுகளின் கடைசியில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கோயிலுக்கு வழி கேட்ட வெளியூர்க்காரர், தப்பித் தவறி மாஸ்டரிடம் கேட்டுத் தொலைத்தால், வழியோடு சேர்த்து ஒரு கேள்வியையும் வாங்கிக்கொண்டுதான் நகர முடியும்.

"அது இருக்கட்டும் சார். ஒலகத்துலயே பெரிய வீரனுங்க யாருன்னு நெனைக்கிறீங்க?"

தேரடித் தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியதால் அவர் மாஸ்டர். வாயைத் திறந்தால் மங்கோலியர்களைப் பற்றியே பேசியதால் மங்கோலியா மாஸ்டர். அம்மா அப்பா வைத்த பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த இன்ஸ்டிடியூட்டுக்கு மேலே இருந்த ஒற்றை அறையில்தான் நான் பிரம்மச்சாரியாகக் குடியிருந்தேன். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா வேலை. அறை வாடகை கம்மி. ஏன் கம்மி என்பது குடிவந்த அன்று சாயங்காலமே புரிந்துவிட்டது.

அவர் கட்சி எளிமையானது. பூமியில் தோன்றிய இனங்களில் மங்கோலியனுக்கு மேல் வீரன் கிடையாது. ஓடுகிற குதிரையில் உட்கார்ந்தபடி பின்னால் திரும்பி அம்பு விட்டவன் அவன் ஒருத்தன்தான். வேறு சிலரும் அப்படி விட்டிருக்கிறார்களாமே என்று எங்கோ படித்ததை வைத்து ஒருமுறை சொல்லிவிட்டேன். அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. மாடிப்படியில் பாதி ஏறி நின்றுகொண்டு, "தம்பி, இன்னொரு பாயின்ட்டு" என்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

எதிர்க் கட்சி பேசியவர்கள் எல்லாருக்கும் இதே கதிதான். சந்து முனை டீக்கடைக்காரர் ஒருநாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "கூர்க்கா இல்லையா மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டார்.

"கூர்க்காவா? சரி. குதிரை வெச்சிருக்கானா?"

"அவங்க மலை ஏறுவாங்க மாஸ்டர்."

"மங்கோலியன் எதுக்கு மலைக்கு வரான்? கீழ நின்னுக்கினு எறங்கி வாடான்னுவான். எறங்கி வந்தா உங்க ஆளு செத்தான். வரலன்னா பயந்துட்டான்னு அர்த்தம். இதுல எது வேணும், சொல்லுங்க."

"எனக்கு டீ ஆத்தணும், அதான் வேணும்" என்றார் டீக்கடைக்காரர். மாஸ்டர் அதைத் தோல்வியை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு, எல்லாரிடமும் அப்படியே சொல்லியும் விட்டார்.

சோழன், பல்லவன் என்று ஆரம்பித்தால் கையை உயர்த்திவிடுவார். "சொந்தக்காரனுக்கு மார்க் போடக் கூடாது" என்பது அவர் போட்ட சட்டம். மங்கோலியன் அவருக்கு எந்த வகையில் அந்நியன் என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், ஊருக்கு அனுப்ப ஒரு கடிதம் டைப் அடிக்க வந்தார். எந்த ஊர் என்று மாஸ்டர் கேட்டார். ஜெர்மனி என்று சொன்னதுதான் அவர் செய்த பாவம். ஜெர்மானியன் காட்டுக்குள் ரோமானியனை அடித்தது சரி, ஆனால் மங்கோலியன் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மாஸ்டர் தமக்குத் தெரிந்த இங்கிலீஷில் பிடித்துக்கொண்டார். பாவம், அந்த மனுஷன் மன அமைதி தேடிக் கடல் கடந்து வந்தவர். கடிதத்தைக்கூட வாங்காமல் போனார். அதற்குப் பிறகு அவரை நான் பார்த்தபோதெல்லாம் எதிர்ப்பக்கமாகவே நடந்துகொண்டிருந்தார்.

இவ்வளவு வீரம் பேசுகிற மாஸ்டருக்குக் குரங்கு என்றால் பயம். கோயில் வாசலில் ஒரு குட்டிக் குரங்கு அவர் கையில் இருந்த அர்ச்சனைப் பையைப் பார்த்து லேசாகப் பல்லைக் காட்டியது. தேங்காய், பழம், ஊதுபத்தி, ஒரு கால் செருப்பு எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார். ஊரே பார்த்தது. கேட்டதற்கு, "இதுக்குப் பேரு பொய்ப் பின்வாங்கல். மங்கோலியன் இப்படித்தான் ஓடற மாதிரி ஓடி எதிரியை இழுப்பான்" என்றார். குரங்கு இழுபட்டு வந்ததாகத் தகவல் இல்லை.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவருடைய மிகப் பெரிய ஆயுதம் கிரிவலம். மலையைச் சுற்ற ஆரம்பித்தால் பாதியில் திரும்பக் கூடாது என்பது எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சம்பிரதாயத்தை இப்படியும் பயன்படுத்தலாம் என்று கண்டுபிடித்தவர் மாஸ்டர் ஒருவர்தான். "வாங்க தம்பி, மலை சுத்திட்டு வரலாம், மனசுக்கு நல்லது" என்று அன்பாகக் கூப்பிடுவார். ராஜகோபுரத்தில் கும்பிட்டுப் புறப்படும்வரை பரம சாது. அக்னி லிங்கம் தாண்டியதும் தொடங்கும். எமலிங்கம்வரை ரோமானியன், நிருதி லிங்கம்வரை ஸ்பார்ட்டாக்காரன், வருண லிங்கம்வரை ஜப்பான்காரன் என்று பாதையைப் பங்கு பிரித்து வைத்திருந்தார். குபேர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம்வரை முழுக்க மங்கோலியனுக்கு. கூட வந்தவன் திரும்பவும் முடியாது, ஓடவும் முடியாது. சிவபெருமானே வழியை அடைத்துக்கொண்டு நிற்பார்.

என் கல்யாணத்தில் அவர் கைவைத்தது இதற்கெல்லாம் மேல். முதலில் சேத்துப்பட்டுப் பக்கம் ஒரு இடம் கூடிவந்தது. பெண்ணுடைய தாய்மாமன் நான் இருக்கிற இடத்தைப் பார்க்க வந்தார். நான் காபி வாங்கப் போன இடைவெளியில் மாஸ்டர் அவரைப் பிடித்துக்கொண்டார். "பையன் தங்கமான பையன். சகவாசம்தான் சரியில்ல" என்று பெண் வீட்டிலிருந்து பதில் வந்தது.

அடுத்து வந்தது கீழ்பென்னாத்தூர் இடம். பெண்ணை நான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். நாலு பேர் இருந்த கூடத்தில் தலையை நிமிர்த்தி, "உங்க ரூம்ல தண்ணி வசதி இருக்குதுங்களா?" என்று என்னிடமே நேராகக் கேட்ட பெண். எனக்கு மனசு அங்கேயே தங்கிவிட்டது. இந்த இடமும் தட்டிப்போனால் எனக்கு வேறு கல்யாணமே வேண்டாம் என்கிற நிலைமையில் இருந்தேன். பெண்ணின் அப்பா பட்டாளத்தில் இருந்து வந்தவர். ஊரில் அவருக்குப் பெயரே மிலிட்டரி. வருகிற செவ்வாய்க்கிழமை தம்பியோடு வந்து மலை சுற்றிவிட்டு, என் இடத்தையும் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகத் தகவல் அனுப்பியிருந்தார்.

மாஸ்டர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "மாஸ்டர், அன்னிக்கு ஒரு நாள் மட்டும் சண்டை, வீரன், குதிரை எதுவும் வேணாம். என் வாழ்க்கைப் பிரச்சனை."

"ஒரு வார்த்தை பேச மாட்டேன் தம்பி. நான் இன்னா பைத்தியமா?" என்றார்.

அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டு மாடி ஏறினேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். நான் குளித்துவிட்டு இறங்கி வருவதற்குள் மாஸ்டர் இருவரையும் பெஞ்சில் உட்காரவைத்து டீ கொடுத்திருந்தார். முறுக்கு மீசையோடு மிலிட்டரி என்னைப் பார்த்து, "வாத்தியாரும் நம்மகூட வரட்டும் தம்பி. நல்ல மனுஷரா இருக்காரு" என்றார்.

சத்தியத்தைக் காப்பாற்ற மாஸ்டர் பட்ட பாடு இருக்கிறதே, அதையும் சொல்ல வேண்டும். அக்னி லிங்கம் தாண்டியது. பேசவில்லை. எமலிங்கம் தாண்டியது. பேசவில்லை, ஆனால் முகமெல்லாம் வியர்த்துக் கொட்டியது. மிலிட்டரிதான் விடவில்லை. பனிமலையில் எதிரி சுட்டது, குண்டு காதோரமாகப் போனது என்று அளந்துகொண்டே வந்தார். பக்கத்தில் தம்பிக்காரர், "அண்ணன் எத்தினி பேர சுட்டாருன்னு அவருக்கே கணக்குத் தெரியாது" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

மாஸ்டரால் அதற்கு மேல் முடியவில்லை. "பட்டாளத்துல எந்தக் கம்பெனி நீங்க?" என்று கேட்டுவிட்டார்.

"ட்ரான்ஸ்போர்ட்டு."

"லாரியா?"

"லாரி போவாத எடம், வாத்தியாரே."

"அப்போ எதுல போவீங்க?"

நான் பின்னாலிருந்து மாஸ்டரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் கையைத் தட்டிவிட்டார். வக்கீல்கூட அவ்வளவு குடைந்து கேட்டிருக்க மாட்டார். கடைசியில் நிருதி லிங்கத்துக்கு எதிரில் மிலிட்டரி நின்றுவிட்டார்.

"கோவேறு கழுதை" என்றார். "அதுங்களுக்குத் தீனி வெச்சு, மூட்டை ஏத்தி, மேல ஓட்டிக்கினு போறது. அதான் என் வேலை."

"அப்போ துப்பாக்கி?" என்று கேட்டது தம்பிக்காரர்.

"குடுத்தாங்க. சுடற வேலை வரல."

தம்பிக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்பது தெரிந்தது. மிலிட்டரியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இத்தனை வருஷம் ஊரில் நிமிர்ந்து நடந்த மனுஷன். "திரும்பிடலாம்டா" என்றார் தம்பியிடம். பாதி மலையில் நின்றுகொண்டு திரும்பிடலாம் என்கிறார். பெண்ணும் போயிற்று, சம்பந்தமும் போயிற்று, போகிற போக்கில் தெய்வக் குற்றமும் சேர்ந்துகொண்டது என்று நான் தலையில் கைவைத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

மாஸ்டர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு மிலிட்டரிக்கு எதிரில் போய் நின்றார்.

"நான் இத்தினி வருஷமா தப்பா பேசிட்டிருந்தேன் சார்" என்றார்.

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. அந்த வாயிலிருந்து 'தப்பு' என்ற சொல் அதுவரை வந்ததே கிடையாது.

"மங்கோலியன்தான் பெரிய வீரன்னு ஊரெல்லாம் வாதாடினவன் நானு. அவன் குதிரைக்கு யாரு புல்லு வெச்சாங்கன்னு ஒருநாளும் யோசிச்சதில்ல. மலை மேல சோறு ஏறலன்னா, குண்டு ஏறலன்னா, துப்பாக்கி வெறும் வெறகுதான? சுடறவனாவது ஒளிஞ்சிக்கினு சுடுவான். நீங்க கழுதையப் புடிச்சிக்கினு வெட்டவெளில நடந்திருக்கீங்க. ஒலகத்துலயே பெரிய வீரன் யாருன்னு இனிமே யாராவது கேட்டா, தீனி வெச்சவன்தான்னு சொல்லுவேன். நான் தோத்துட்டேன், ஒத்துக்கறேன். வாங்க, நடக்கலாம்."

தம்பிக்காரர் துண்டை வாயிலிருந்து எடுத்துவிட்டார். மிலிட்டரி மீசையைத் தடவிக்கொண்டார். அப்புறம் மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு முன்னால் நடந்தார். வருண லிங்கத்திலிருந்து ஈசான்ய லிங்கம்வரை, பனியில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்த ஒரு கழுதையைக் கயிறு கட்டி மேலே ஏற்றிய கதையைச் சொன்னார். இந்த முறை குண்டு எதுவும் காதோரமாகப் போகவில்லை. மாஸ்டர் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தார். ராஜகோபுரத்துக்கு வந்ததும் மிலிட்டரி என் தோளில் கைபோட்டு, "மாப்ள, ஒரு நல்ல நாளாப் பாத்துடலாம்" என்றார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனால் தம்பிக்காரர் வாய் சும்மா இருக்குமா? மாஸ்டர் தோற்ற விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. டீக்கடைக்காரர் அதற்காகவே காத்திருந்தவர்போல, "இன்னா மாஸ்டர், மங்கோலியன் கழுதைகிட்ட தோத்துட்டானாமே?" என்று தினமும் கேட்பார். மாஸ்டரிடம் வருஷக்கணக்கில் அடி வாங்கியவர்கள் எல்லாரும் சேர்ந்து சிரிப்பார்கள். "ஆமா, தோத்துட்டான்" என்று சொல்லிவிட்டு அவர் டீயைக் குடிப்பார். எதிர் பெஞ்சில் நான் உட்கார்ந்திருப்பேன். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

ஒருநாள் பொறுக்காமல் இன்ஸ்டிடியூட்டுக்குள் போய்க் கேட்டேன். "மாஸ்டர், நெசமாவே ஒத்துக்கிட்டீங்களா?"

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "கழுதையாவது மண்ணாவது. என்னிக்கும் மங்கோலியன்தான். மெதுவா பேசுங்க தம்பி, உங்க மாமனார் காதுக்குப் போயிடப் போவுது" என்றார். அதோடு விட்டாரா? அவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து, என்னை உட்காரவைத்து, விளக்கு வைக்கிற நேரம்வரை மங்கோலியக் குதிரைகளைப் பற்றிப் பேசினார்.

எண்பதுகளின் நடுவில் மாற்றலாகி வேலூர் போகிறவரை, பிறகு லீவில் வந்தபோதெல்லாம்கூட, அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று ஒரு தடவையாவது அவரிடம் சொல்லிவிட நினைத்தேன். அவர் எங்கே பேச விட்டார்?