தென்னந்தோப்பில் என்னைச் சுட்டவர்

வாயால் மட்டுமே ஒரு போலீஸ் ஸ்டேஷனைச் சல்லடையாகத் துளைத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோவை கணபதியில், நான் பில் போடும் குமாஸ்தாவாக இருந்த பம்ப் பட்டறையில், அவர் அலுமினிய வார்ப்புகளுக்கு அரம் பிடித்துப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். எங்களுக்கு அவர் டுமீல் அண்ணன். அப்பா அம்மா வைத்த பெயரைச் சொல்லி முதலாளி கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார் என்று அவரே சுற்றுமுற்றும் தேடுவார்.

சத்தம் இல்லாமல் அவரால் எதையும் சொல்ல முடியாது. பஸ்ஸைத் தவறவிட்ட கதை என்றால் பஸ் கிளம்பும் உறுமல், கண்டக்டர் விசில், இவர் செருப்பு அறுந்த சத்தம் எல்லாம் அதனதன் இடத்தில் வரும். ஆனால் அவர் உயிர் துப்பாக்கியில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காந்திபுரம் பக்கம் போய் ஏதாவது ஓர் இங்கிலீஷ் போலீஸ் படம் பார்த்துவிடுவார். திங்கட்கிழமை டீ நேரத்தில் பட்டறையே அவரைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்.

“கதை என்னங்ணா?” என்று கேட்பேன்.

“கதை எனக்கெங்கீங்க தம்பி புரியுது? ரெண்டு போலீசுங்க. ஒருத்தன்கிட்ட நீட்டுத் துப்பாக்கி, டமால்னு ஒரே சத்தம். இன்னொருத்தன்கிட்ட கைக்கடக்கமா ஒண்ணு, டிச்சு டிச்சுன்னு. கைக்கடக்கமா வெச்சிருக்கறவன்தான் நல்லவனுங்க.”

“அது எப்புடிங்ணா தெரியும்?”

“சுட்டுப்போட்டு மூஞ்சியப் பாக்கறானுங்களே. வருத்தப்படறானுங்க.”

டுமீல் அண்ணனும் அந்த ஜாதிதான். யாரையும் கேட்காமல் சுட்டதில்லை. “ஒருக்கா சுட்டுக்கட்டுங்களா?” என்று அனுமதி வாங்கிய பிறகே சுடுவார். சுட்டுவிட்டு, “ஒண்ணும் ஆகலீங்களே?” என்று விசாரிக்கவும் செய்வார். பம்ப் வாங்க வந்த ஒரு விவசாயி விளையாட்டாகத் தலையை ஆட்டிவிட்டு, சுட்டதும் வெலவெலத்துப்போய் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பம்ப்பைப் பற்றிப் பேரம் பேசவே மறந்துவிட்டார் பாவம்.

இந்தத் திறமையை மதிக்காத ஒரே ஆள், அவருடைய மனைவி சரசக்காவின் அண்ணன். சரவணம்பட்டியில், எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர். சிரிப்பதென்றால் கரண்ட் செலவாகிவிடும் என்று நினைப்பவர்போல இருப்பார். விசேஷ வீடுகளில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, “எங்க அம்மணிய ஒரு ஆம்பளைக்குக் கட்டிக் குடுத்தோம்னு நெனைச்சனுங்க. பட்டாசுக் கடைக்குக் குடுத்திருக்கறோம்” என்பார். டுமீல் அண்ணன் சிரித்துக்கொண்டே ரசத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வார். சரசக்காவுக்குத்தான் சோறு இறங்காது. ஒருமுறை கை கழுவும் இடத்தில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன்.

இப்படி இருக்கையில், பொள்ளாச்சிப் பக்கம் ஒரு போலீஸ் காமெடிப் படம் எடுக்க வந்த கம்பெனி, எங்கள் முதலாளியிடம் டம்மி துப்பாக்கிகள் வார்த்துத் தரச் சொன்னது. இன்ஸ்பெக்டருக்கு ஒரு ரிவால்வர், தொந்தி ஏட்டுக்கு வெள்ளைக்காரன் காலத்து நீளத் துப்பாக்கி, வில்லனுக்கு ஃபாரின் பிஸ்டல். டுமீல் அண்ணன் சோறு தண்ணி மறந்து பாலிஷ் போட்டார். வில்லனுடையதை மட்டும் முகம் பார்த்துத் தலை சீவும் அளவுக்குப் பளபளப்பாக்கினார். “பணக்காரனுங்க. அவனுக்கு மினுக்கோணுமுங்க” என்றார்.

கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை எங்கள் இருவருக்கும் வந்தது. காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறினோம். நல்ல கூட்டம். சாக்குக்குள்ளிருந்து ஏட்டின் துப்பாக்கி மூக்கை நீட்டிக் கண்டக்டரின் விலாவில் குத்தியது.

“என்னய்யா இது?”

“துப்பாக்கிங்க” என்றார் டுமீல் அண்ணன், சுண்டைக்காய் என்று சொல்வதுபோல.

பஸ் மூச்சை அடக்கிக்கொண்டது. “ஆரும் பயந்துக்காதீங்க, இன்னும் ஓட்டையே போடலீங்க” என்று ஆறுதல் சொல்வதற்காக அவர் அதை உருவி எல்லோருக்கும் காட்டினார். அடுத்த ஸ்டாப்பில் பாதி பஸ் இறங்கிவிட்டது. உக்கடம் வரை இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து சொகுசாகப் போனோம்.

தென்னந்தோப்பில் படப்பிடிப்பு. வெடிக்கிற துப்பாக்கிகளுக்கு அனுமதி வரவில்லை என்று டம்மிகளை வைத்தே எடுக்க முடிவுசெய்திருந்தார்கள். அன்று வில்லன் கையால் சாகவேண்டிய கான்ஸ்டபிள் நடிகரும் வரவில்லை. அவருடைய யூனிபார்ம் அங்கிருந்தவர்களில் எனக்கு மட்டும் பொருந்தியது. என் கலைப்பயணம் இவ்வாறாக இடுப்பளவால் தொடங்கியது.

வில்லன் சுட்டதும் வாய்க்காலில் விழவேண்டும், அவ்வளவுதான். முதல் டேக்கில் அவர் துப்பாக்கியைத் தூக்கும்போதே விழுந்துவிட்டேன். நனைந்த சட்டையைப் பிழிந்து மாட்டிக்கொண்டு வந்தால், அடுத்ததில் அவர் சுட்டு முடித்து, துப்பாக்கியை இடுப்பில் செருகிய பிறகும் நான் மரியாதையாக நின்றுகொண்டிருந்தேன்.

“ஏம்ப்பா, குண்டு என்ன பஸ்லயா வருது?” என்றார் டைரக்டர். “இன்னொரு தடவைதான். இல்லேன்னா அந்தச் சட்டையக் கழட்டி வேற ஆள்கிட்டக் குடு.”

சினிமா ஆசையால் ஊரில் ஏற்கெனவே நல்ல பெயரைக் கெடுத்துக்கொண்டவன் நான். அந்த வாய்க்கால்தான் என் கடைசி வாசல் என்று தோன்றியது. அப்போது டுமீல் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

“ஏனுங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க. சத்தமே இல்லாம ஒரு மனுசன் எப்புடிங்க சாவான்?”

“நீ சாவடிச்சிருவியா?”

“நீங்க உத்தரவு குடுத்தா.”

கேமராவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார். “தம்பி, சுடட்டுங்களா?”

“சுடுங்ணா.”

பட்டறையில் எத்தனையோ தடவை கேட்ட சத்தம்தான். ஆனால் அன்று அது தொண்டையிலிருந்து வரவில்லை, அடிவயிற்றிலிருந்து வந்தது. நான் நடிக்கவில்லை. நிஜமாகவே குலை நடுங்கி, பின்பக்கமாகத் தண்ணீரில் விழுந்தேன். சேற்றிலிருந்து தலையைத் தூக்கியபோது எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் கரையில் குனிந்து, “ஒண்ணும் ஆகலீங்களே தம்பி?” என்றார்.

அதன்பின் படம் முடியும்வரை எல்லாத் துப்பாக்கிக்கும் அவரே குரல். இன்ஸ்பெக்டருக்கு நறுக்கென்று ஒன்று. ஏட்டின் துப்பாக்கி முதலில் இருமும், பிறகு யோசிக்கும், கடைசியில் ‘டொப்’ என்று ஒப்புக்குச் சுடும். வில்லனுடையது சோடா உடைப்பதுபோல ‘ட்ஷ்யூ’. போலீஸ் ஸ்டேஷன் சண்டையில் மூன்றையும் மாற்றி மாற்றிச் சுட்டுத் தொண்டை கட்டிக்கொண்டது. சில நாள் பட்டறையில் சைகையிலேயே பேசினார். பட்டறை இழவு வீடு மாதிரி இருந்தது.

படம் வந்தது. டுமீல் அண்ணன் கணபதி முழுக்கச் சொல்லிவிட்டார். “அத்தனை துப்பாக்கியும் நானுங்க.” மச்சானை வீடு தேடிப்போய் அழைத்தார். “அவசியம் வரோணுமுங்க மச்சான். கேட்டுப்போட்டு அப்புறம் சொல்லுங்க.” சரசக்கா புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார். இனி எந்தப் பந்தியிலும் தலை குனிய வேண்டாம் என்ற தெம்பு முகத்தில் தெரிந்தது.

மேட்னி ஷோ. இன்ஸ்பெக்டர் முதல் குண்டைச் சுட்டார். வேறு ஏதோ சத்தம் வந்தது. ஏட்டு சுட்டார். இருமல் இல்லை, யோசனை இல்லை, அதே சத்தம். வில்லனுக்கும் அதேதான். படப்பிடிப்பில் எழுந்த சத்தத்தையெல்லாம் எடுத்துவிட்டு மெட்ராஸில் புதிதாகச் சேர்ப்பார்கள் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது.

“ஏனுங்க, உங்களுது எங்கீங்க?” என்றார் சரசக்கா மெதுவாக.

மச்சான் திரும்பினார். “மாப்பிள்ளை, இது உங்க தொண்டைங்களா?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? டுமீல் அண்ணன் சொல்லவில்லை. “இல்லீங்க மச்சான். இது வேற ஆரோ சுடறாங்க” என்றார். அத்தனை சின்னக் குரல் அவரிடம் இருந்தது என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. “சத்தமெல்லாம் மெட்ராஸ்ல புதுசாச் சேக்கறதுங்க” என்று பின்சீட்டிலிருந்து யாரோ விளக்கம் சொன்னார்.

பிறகு என் காட்சி வந்தது. வில்லன் சுட்டார், நான் விழுந்தேன், தியேட்டர் விசிலடித்தது. சரசக்கா மட்டும் எழுந்து நின்றுவிட்டார்.

“ஆடு! ஏனுங்க, அந்த ஆட்டப் பாத்தீங்களா?”

எனக்குப் பின்னால் தென்னை மரத்தில் ஓர் ஆடு கட்டியிருந்திருக்கிறது. குண்டு வெடித்ததும் அது ஆளுயரத்துக்குத் துள்ளி, கயிற்றை அறுத்துக்கொண்டு படத்தை விட்டே ஓடிவிட்டது.

“மெட்ராஸ்ல போட்ட சத்தத்துக்குப் பொள்ளாச்சி ஆடு எப்புடீங்ணா குதிக்கும்?” என்று தன் அண்ணனைக் கேட்டார் சரசக்கா.

“இந்தத் தம்பி தண்ணியில உழுந்த சத்தத்துக்குக் குதிச்சிருக்கும் அம்மணி” என்றார் அவர். ஆனாலும் மனசு கேட்கவில்லை. எங்கள் எல்லோரையும் இழுத்துக்கொண்டு அடுத்த ஷோவுக்கும் உள்ளே போனார். என் காட்சி வந்தபோது முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு எம்பிப் பார்த்தார். முதலில் ஆடு துள்ளியது. அதற்குப் பிறகுதான் நான் தண்ணீரைத் தொட்டேன்.

வெளியே வந்ததும் டுமீல் அண்ணனின் தோளில் கையை வைத்தார். “மாப்பிள்ளை, ஆட்டுக்கு ஆரும் நடிக்கச் சொல்லித்தர முடியாதுங்க. அது நெசமாத்தான் பயந்திருக்குது.” கொஞ்சம் தயங்கினார். “என்னைய ஒருக்கா சுடுங்க, பாக்கலாம்.”

“ரோடுங்க மச்சான்...”

“சுடுங்க” என்றார் சரசக்கா.

காந்திபுரம் வீதி நடுவில் சுட்டார். மச்சான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தியிருந்த ஒரு ஸ்கூட்டர் மேல் சரிந்தார். பிறகு சிரித்தார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சரசக்காவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, சிரிப்பும் நிற்கவில்லை.

நான் வாய்க்காலில் விழுந்த கதையை எழுதி ஒரு வாரப்பத்திரிகைக்கு அனுப்பினேன். அச்சில் வந்த என் முதல் எழுத்து அது. இன்றைக்கு உங்கள் முன்னால் இப்படி வாயடித்துக்கொண்டிருப்பதற்கெல்லாம் அங்கேதான் பிள்ளையார் சுழி. நன்றி சொல்லப் போனபோது டுமீல் அண்ணன் கூச்சப்பட்டார்.

“நானென்ன பண்ணினனுங்க தம்பி? வாயத் தொறந்தேன். உழுந்தது நீங்கதானுங்க.”

இல்லை அண்ணா. நீங்கள் அன்று சுடாமல் விட்டிருந்தால், நான் இன்னும் அந்தத் தோப்பில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டேதான் இருந்திருப்பேன்.