மூன்று நாட்டு வெள்ளை

"இது வெள்ளையா? சொல்லுங்க, இது வெள்ளையா?"

பிரேமலதா நீட்டிய தட்டிலிருந்த தேங்காய் டொபியை எடுத்து, சசி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். புருஷன்காரனுக்குப் பொய் சொல்லவும் பயம், மெய் சொல்லவும் பயம்.

"வெள்ளைதான். லேசா தேத்தண்ணி பட்ட வெள்ளை."

நாளை சனிக்கிழமை பத்து மணிக்குக் கொழும்பிலிருந்து ஷாமிளா மிஸ் வருகிறார். பலாங்கொடைச் சந்தையில் இவள் டொபியைத் தின்று பார்த்துவிட்டு, லண்டன், அமெரிக்கா, இந்தியா மூன்றுக்கும் அனுப்பலாம் என்று சொன்ன புண்ணியவதி. நிபந்தனை இரண்டுதான். டொபி பால் மாதிரி வெள்ளையாக இருக்க வேண்டும். பெட்டியில் அந்தந்த நாட்டுச் சட்டப்படி லேபல் ஒட்ட வேண்டும். ஓடர் கிடைத்தால் இனி மலைக்கு ஏறித் தேயிலைக் கொழுந்து பறிக்க வேண்டியதில்லை. அந்தத் தைரியத்தில், "திங்கக்கெழமையிலருந்து எனக்குப் பேர் போடாதீங்க" என்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் சொல்லியும்விட்டாள். அவளுக்கு எப்போதும் வாய் கொஞ்சம் முந்தும்.

"ஸம்சுதீன் நானா கடையில வெள்ளைக் கலர் தூளு இருக்கு. கேக் அடிக்கிறவங்க வாங்குறது" என்றான் சசி.

"அத இப்பதான் சொல்றீங்களா? ஓடுங்க."

ஓப்பநாயக்கவில் பஸ் ஏறிப் பலாங்கொடைக்குப் போனவன், தூளோடு மட்டும் திரும்பவில்லை. கொமியுனிகேஷன் கடையில் இண்டர்நெட்டைத் தேடச் சொல்லி, ஒரு கத்தைக் கடதாசியும் கொண்டுவந்தான். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

"இந்தத் தூளுக்குப் பேரு டைட்டேனியம் டயொக்சைட். அமெரிக்காவில நூத்துக்கு ஒரு பங்குக்கு மேல போடக்கூடாது. லண்டன்ல அப்படி ஒரு கணக்கே இல்ல, தேவையான அளவு போட்டுக்கலாம்."

"இந்தியாவில?"

"சுவிங்கம் மாதிரி ஒண்ணு ரெண்டுக்குத்தான் விடுறாங்க. டொபிக்குக் கெடையாது."

"அதே தூளு, அதே வாயி. ஒரு நாட்டில தின்னா சரி, இன்னொரு நாட்டில தின்னா குத்தமா?"

"ஏங்கிட்ட ஏன் பாயிற? சட்டம் நானா போட்டேன்?"

ஒரு சட்டி மூன்று சட்டியானது. ஒன்று சொந்தச் சட்டி, ஒன்று பக்கத்துக் காம்பரா அழகம்மாவிடம் இரவல், மூன்றாவது கோயில் பொங்கல் சட்டி. எதற்கும் இருக்கட்டும் என்று, மூன்றுக்கும் புதுச் சீனி வாங்கி, தேங்காயில் கறுப்புத் தோலையும் சீவி எடுத்துவிட்டுத் துருவினாள். சட்டிக்கு ஒரு கிலோ. அமெரிக்காவுக்குப் பத்துக் கிராம் தூள்.

"கரண்டியால அள்ளிப் போட்டா முடிஞ்சிச்சி" என்றான் சசி.

"அது பதினொண்ணாப் போயிட்டா? அமெரிக்காக்காரன் சும்மா விடுவானா?"

ஊரில் மாணிக்கக்கல் வாங்கி விற்கும் ஒருவரிடம் கெஞ்சிக் கூத்தாடி, சசி கல் நிறுக்கும் சின்னத் தராசை வாங்கி வந்தான். தராசு வந்தால் போதுமா, நிறுக்க ஆள் வேண்டாமா? மலையில் இருபத்தைந்து வருடமாகக் கொழுந்து நிறுக்கும் மூக்கையாவைக் கூப்பிட்டார்கள். மனுஷன் கைகால் கழுவி, திருநீறு பூசி, சப்பணம் போட்டு உட்கார்ந்தார். தராசைத் தொட்டதும் முகம் பெரிய தொரை முகமாகிவிட்டது.

"அமெரிக்காவுக்குப் பத்து கிராம், மாமா. லண்டனுக்கும் முதல்ல பத்து. பத்தாட்டி பொறகு பாப்போம். இந்தியாவுக்கு ஒண்ணுமில்ல."

"நிறுக்கிறத எனக்குச் சொல்லித் தராத தாயி."

மூன்று அடுப்பும் எரிந்தன. பிரேமலதா இரண்டு சட்டிக்கு நடுவில் நின்று இரண்டு கையாலும் கிண்டினாள். சசி இந்தியாச் சட்டியைக் கிண்டியபடி புகையில் கண்ணைக் கசக்கினான்.

"மாமா, பதம் வந்திருச்சி, ஆச்சா?"

"நிறுத்தாச்சி தாயி, நிறுத்தாச்சி."

அவள் லண்டன் சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"போதும் மாமா, இதுக்கு மேல வேணாம். கண்ணு கூசுது."

"அமெரிக்கா அவ்வளவு இல்ல" என்றான் சசி. "இந்தியா பாவம், மங்கிப் போயிக் கெடக்கு."

டொபியை மூன்று தட்டில் கொட்டி, வில்லை போட்டு, தட்டுக்குக் கீழே நாட்டின் பெயரெழுதிய கடதாசியையும் வைத்துவிட்டுத்தான் பிரேமலதாவுக்கு மூச்சு வந்தது. மறுநாள் காலை ஒன்பதரைக்கு மழை பிடித்துக்கொண்டது. லயத்து வீட்டுக் கூரைத் தகரம் சரியாகத் தட்டுகளுக்கு மேலேயே ஒழுகியது. அலறியடித்து ஓடிய பிரேமலதா, நனைவதற்குள் மூன்று தட்டையும் ஒரே பேசனில் கவிழ்த்தாள். கவிழ்த்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

"அய்யய்யோ, மூணு நாடும் ஒண்ணாப் போச்சே."

"பதறாத, பாத்தே பிரிச்சிரலாம்" என்றான் சசி. ஒரு வில்லையை எடுத்தான். "இது லண்டன்."

"அது அமெரிக்கா. கண்ணு அவிஞ்சா போச்சி?"

"ஏம்ப்பா, நான் ஒண்ணு சொல்றேன்..." என்று மூக்கையா வாயைத் திறந்தார்.

"சும்மா இருங்க மாமா, இந்தியாவுக்குப் போறதுல கலர் கலந்திட்டா நம்ம கதை கந்தல்."

அவர்கள் பிரித்து முடிப்பதற்குள் ஷாமிளா மிஸ்ஸின் வேன் வாசலில் நின்றது. பிரேமலதாவுக்கு மறைக்க வாய் வரவில்லை.

"மிஸ், மூணு நாட்டுக்கும் சட்டப்படி தனித்தனியாத்தான் செஞ்சோம். மழையில எல்லாம் கலந்திருச்சி." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. திங்கட்கிழமை கணக்கப்பிள்ளை சிரிக்கப்போகும் சிரிப்பு அவளுக்கு இப்போதே கேட்டது.

ஷாமிளா மிஸ் கண்ணாடியை மாட்டினார்.

"இதுக்கா அழுறீங்க? பத்து வருஷமா இனிப்பு ஏத்துமதி செய்றன். எனக்குப் பாத்த உடன தெரியும்." ஒரு வில்லையைத் தூக்கிப் பிடித்தார். "இது லண்டன். என்ன பளபளப்பு பாருங்க. இது அமெரிக்கா, அளவா இருக்கு. இது இந்தியா, தூள் படாத கலர்."

ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு நொடி கூடத் தயங்காமல் மூன்று குவியலாகப் பிரித்தார். சசி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, "எனக்கும் அப்படித்தான் பட்டிச்சி மிஸ்" என்றான்.

"மிஸ், அதுல வந்து..." என்று மூக்கையா எழும்பினார்.

"மாமா, கும்பிடுறேன், பேசாம இருங்க."

அரை மணி நேரத்தில் லேபல் ஒட்டி முடிந்தது. மாதம் முந்நூறு பெட்டிக்கு ஓடர் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஷாமிளா மிஸ், "இவ்வளவு துல்லியமா நிறுத்துப் போடுறவங்கள நான் கண்டதில்ல" என்று மூக்கையாவின் கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டு வேனில் ஏறினார்.

வேன் வளைவில் மறைந்ததும் பிரேமலதா ஓடர் கடதாசியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு ஆட்டமே ஆடிவிட்டாள். சந்தோஷம் தாங்கவில்லை.

"எல்லாம் ஒங்க கைராசி மாமா. அந்தப் பத்து கிராமுலதான் எங்க வாழ்க்கையே நின்னுச்சி."

மூக்கையா மடியிலிருந்து தூள் பொட்டலத்தை எடுத்து, வாங்கி வந்த எடை குறையாமல், அவள் கையில் வைத்தார்.

"அதத்தான் தாயி காலையிலருந்து சொல்ல வாறேன், மலையில கொழுந்து நிறுக்கிற மாதிரியே கூடைக்கு நாலு, ஈரத்துக்கு நாலு, முத்தல் எலைக்கு ரெண்டுன்னு பத்தையும் கழிச்சேன், சட்டியில போட ஒண்ணும் மிஞ்சல."