ஐந்தில் நாலு பொருந்த வேண்டும்

அன்பும் பொறுமையும் மிக்க அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சுகத்தை மட்டும் விசாரிக்காதே. அது இப்போது பரிசீலனையில் இருக்கிறது.

காப்பீட்டு அலுவலகத்தில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, நானே சொல்கிறேன். வண்டி இடித்து யாராவது எங்களிடம் மனு கொடுத்தால், அவர் அரசாங்க மருத்துவக் காப்பீட்டில் இருக்கிறாரா என்று நாங்கள் அரசாங்கத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். போன வருடம்வரை ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் போதும், டீ குடிக்கப் போகலாம். இப்போது விதியை மாற்றிவிட்டார்கள். பெயர், பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி, அரசாங்கக் காப்பீட்டு அட்டை எண் என்று ஐந்தில் நாலு பொருந்த வேண்டும். பொருந்தும்வரை செலவு அவர்களுடையதா எங்களுடையதா என்று தெரியாது, தெரியும்வரை சிகிச்சையும் கிடையாது. இந்த அழகில், ரொட்டி வண்டி இடித்த நம் அப்பாவின் கோப்பு என் மேசைக்கே வந்து சேர்ந்தது. சொந்தக்காரர் கோப்பைத் தொடக் கூடாதே என்றேன். மேலாளர், "உங்கப்பாவா? அப்ப சுலபமா முடிஞ்சிடும்" என்று தள்ளிவிட்டுப் போனார். தோளுக்குக் கொடுத்துவந்த பயிற்சியை ஆஸ்பத்திரியில் நிறுத்தி மூன்று வாரமாகிறது.

அப்பா வீடு மாறியதால் முகவரி பொருந்தாது, ஆகவே அட்டை எண் இல்லாமல் காரியம் நடக்காது. போன் செய்தேன். உரையாடல் பதிவாகும் என்பதால் "ஐயா" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், அங்கேயே சந்தேகம் வந்துவிட்டது அவருக்கு. "நம்பரை யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு அட்டையிலயே போட்டிருக்கு. நீ யாரு?" என்றார். "உங்க மகன்பா" என்றேன். "திருடன் வேற எப்படிச் சொல்லுவான்?" என்றார். சரி என்று புதிய விதியைப் பொறுமையாக விளக்கினேன், அதுதான் நான் செய்த தப்பு. "அப்படியா? நானும் அஞ்சு கேள்வி கேக்கறேன், நாலு பொருந்தணும்" என்று தொடங்கிவிட்டார். காப்பிக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை? ரெண்டு என்றேன். விட்டு ஆறு வருடமாகிறதாம். எந்தக் காது மந்தம், காலையில் யாரோடு நடக்கப் போகிறார், எதுவும் தெரியவில்லை. செருப்பு அளவு மட்டும் சரி. கடைசியாக, "எந்தத் தோள்ல அடி?" என்றார். கோப்பில் வெறும் 'தோள்' என்றுதான் இருந்தது அக்கா. வலது என்றேன். இடதாம். "தகவல் பொருந்தல" என்று போனை வைத்துவிட்டார். 'ஒத்துழைக்காத வாடிக்கையாளர்' என்ற தலைப்பில் மேலாளர் இந்தப் பதிவைப் பயிற்சி வகுப்பில் போட்டுக்காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன்.

இரண்டாவது தடவையும் அதே கதை. மூன்று தடவை கேட்டும் மறுத்தால், மறுக்கிறேன் என்றாவது கையெழுத்து வாங்க வேண்டும். மூன்றாவது தடவையும் நம்பர் கேட்டுவிட்டு, அந்தக் கையெழுத்தையும் கேட்டால் அவர், "மறுக்கறேன்னு யாரு சொன்னா? நீ பதில் சொல்லு, நான் நம்பர் சொல்றேன்" என்கிறார். அப்புறம், "இந்த வருஷம் மூணு தடவை கூப்பிட்டிருக்க. மூணு தடவையும் நம்பர்தான் கேட்ட" என்றார். இந்தப் பதிவை மேலாளர் வகுப்பில் போடவில்லை.

வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். அதற்குள் முடியாவிட்டால் 'அடையாளம் காணப்படாதவர்' என்று எழுதிக் கோப்பை மூட வேண்டும். நம் அப்பாவை நானே என் கையால் அப்படி எழுத வேண்டும். எனக்கு அழுகையாக வருகிறது. நீ வாரம் தவறாமல் அவரோடு பேசுகிறவள், உனக்குத் தெரியாதது இருக்காது. விடைகளை எழுதி உடனே விரைவுத் தபாலில் அனுப்பு, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், அவர்கள் எந்தப் படிவத்திலும் மாட்டாமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி
(ஐந்தில் ஒன்று மட்டும் பொருந்தியவன்)

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது புதுச் சுற்றறிக்கை வந்தது. விதியை மறுபடி மாற்றிவிட்டார்கள். பெயரும் பிறந்த தேதியும் போதுமாம், அட்டை எண்ணை அரசாங்கமே தேடி எடுத்துக்கொள்ளும். அப்பாவுடையது ஒரு நிமிடத்தில் பொருந்திவிட்டது, திங்கட்கிழமை தோள் பயிற்சி மறுபடி தொடங்கும். ஆகவே விடைகளை அனுப்பாதே. அப்பாவிடமும் எதையும் சொல்லிவிடாதே. வெள்ளிக்கிழமை நம்பர் கேட்க நான் அவரைக் கூப்பிட வேண்டும்.