சுழி பிடித்த கடவுச்சொல்

அந்த மாதம் ஊரிலுள்ள கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பேய் பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் திறக்கவில்லை. பஸ் நிலையத்தில் முன்பதிவு திறக்கவில்லை. கூட்டுறவுக் கடையில் பில் வரவில்லை. கடவுச்சொல்லில் ஒரு குறியீடாவது இருக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு @ போட்டார்கள், எல்லாம் படுத்துக்கொண்டது. காரணத்தைத் தேடுவது சிரமம், சாமியாரைத் தேடுவது சுலபம். தேடினார்கள், கிடைத்தார்.

கடவுச்சாமி என்று பட்டம். "அது சாதாரண எழுத்தா? சுழியில மாட்டிக்கிட்ட எழுத்து! சுழி சரியில்லன்னா மனுஷனே தேற மாட்டான், மெஷின் எப்படித் தேறும்?" என்பார். மணியடிப்பார். தண்ணீர் தெளிப்பார், அதிலேயே சில கீபோர்டுகள் முக்தி அடைந்தன. பிறகு அதிகாரியின் காதில் மட்டும் புதுக் கடவுச்சொல் ஒன்றை ஓதுவார். "நீங்க பிறந்த நேரத்துக்குன்னே தவமிருந்து வாங்கினது. வெளிய சொன்னா பலிக்காது." போட்டால், அட, திறக்கும்! பக்தர்களின் பையும் திறக்கும்.

ரத்த வங்கி டாக்டரம்மா எதையும் நுண்ணோக்கியில் பார்த்த பிறகே நம்புகிறவர். ஆனால் கடவுச்சாமியைப் பார்க்காமலே நம்பிவிட்டார். திரை திறக்காத பயம் அப்படி. சாமி வந்தார், அற்புதம் பார்க்க, ஏற்கெனவே அவரிடம் சொல் வாங்கிய ஊர் அதிகாரிகளும் பின்னாலேயே வந்தார்கள். மணி முழங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"மேடம், ஆபரேஷன்ல ரத்தம் நிக்கல. ஓ நெகட்டிவ் உடனே வேணும்!"

பைகள் குளிர்பெட்டியில் இருக்கின்றன. எது பரிசோதனை முடிந்தது என்ற விவரம் கம்ப்யூட்டருக்குள் பூட்டிக் கிடக்கிறது.

"சாமி, சீக்கிரம்..."

"சுழி இறங்க வேண்டாமா? பொறு!"

விடுமுறைக்கு வந்திருந்த டாக்டரம்மாவின் தங்கை, மென்பொருள் எழுதுகிறவள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "அக்கா, புது பாஸ்வேர்டுல @ போட்டியா?"

"போட்டேன்டி. சொன்னாங்களே!"

"செட்டிங்ஸ்ல பாஸ்வேர்டும் டேட்டாபேஸ் முகவரியும் ஒரே வரியில இருக்கு. நடுவுல எல்லைக்கல்லே @ தான். நீ பாஸ்வேர்டுக்குள்ள ஒண்ணு நட்டுட்டே. இது பாதியிலயே பாஸ்வேர்டு முடிஞ்சுதுன்னு நெனச்சு, மிச்சத்தை முகவரின்னு தேடி அலையுது."

"தொடாதே!" சாமி அலறினார். "சுழி உன் மேல பாயும்!"

"பாயட்டும் சாமி. அதுவரைக்கும் வேலை நடக்கட்டும்." அந்த வரியில் கடவுச்சொல்லுக்குள் இருந்த @ ஐ அழித்து, அதே இடத்தில் %40 என்று தட்டினாள். "இப்படி எழுதினா, எல்லைக்கல் இல்ல, வெறும் எழுத்துன்னு புரிஞ்சுக்கும்."

திரை திறந்தது. டாக்டரம்மா யாரையும் பார்க்கவில்லை. பையைத் தேடி எடுத்தார், ஊழியர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"பார்த்தீங்களா, என் மணியோட மகிமையை!" என்றார் சாமி. "ஆமாம், ஆமாம்!" என்றது கூட்டம். நேரில் பார்த்ததை நம்புவது அதற்கு அவ்வளவு கஷ்டம்.

தங்கை தன் லேப்டாப்பில் அதே வரியை @ உடன் தட்டினாள். "மணியை அடிங்க சாமி." அடித்தார். திறக்கவில்லை. கை வலிக்க அடித்தார். திறக்கவில்லை. "இப்போ அடிக்காதீங்க." %40 போட்டாள். திறந்தது.

தலைமையாசிரியர் விடவில்லை. "ஆனா சாமி கொடுத்த சொல்லுக்கு எங்க மெஷின் திறந்துச்சே!"

"அதுல @ இருந்துச்சா?"

"இல்ல."

"அப்புறம் திறக்காம என்ன பண்ணும்?"

டாக்டரம்மாவுக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. "ரத்தம் ஆளுக்கு ஆள் மாறுதான்னு பார்க்கறதுதான் என் வேலை," என்றார். "இதையும் பார்த்துடலாம். ஆளுக்கொரு சொல்லுதானே கொடுத்தாரு? எல்லாரும் ஒரே நேரத்துல சத்தமா சொல்லுங்க. எப்படியும் மாத்தத்தானே போறீங்க. ஒண்ணு, ரெண்டு..."

"சாமிதுணை*1!"

பஜனை போல ஒரே குரல். பஸ் நிலையத்தின் சாவிதான் பள்ளிக்கூடத்தின் சாவி, அதேதான் கடையின் சாவி. மொத்தக் கொத்தும் சாமியின் இடுப்பில்! கூட்டுறவுக் கடைக்காரர் கதவை அடைத்து நின்றார். "தவமிருந்து வாங்கினதா? எங்க இருந்துய்யா வாங்கினே?" சாமியின் வாய் திறக்கவில்லை; அதற்கு எந்தச் சொல்லைப் போடுவதென்று யாருக்கும் தெரியவில்லை.

போன் மறுபடி அடித்தது. நோயாளி பிழைத்துக்கொண்டார்.

"மேடம்," தலைமையாசிரியர் பவ்யமாகக் குனிந்தார், "அப்போ நீங்களே எங்களுக்கு ஒரு நல்ல பாஸ்வேர்டு சொல்லிடுங்களேன்."

டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கழுத்துக்கு மேல ஒண்ணு சும்மாதானே சார் உட்கார்ந்திருக்கு? இனிமேலாவது அதைக் கேளுங்க."